வெயில் நிலத்துச் சிவப்பு ஒயின்: ஆஸ்திரேலியாவில் 20 டாலருக்குள் நல்லதைத் தேர்ந்தெடுக்க

ஆஸ்திரேலிய மதுக்கடைகளில் 7 டாலர் பாட்டிலும் 70 டாலர் பாட்டிலும் ஒரே வரிசையில் நிற்கும். இரண்டின் மேலும் 'ஷிராஸ்' என்ற திராட்சை வகையின் பெயர்தான் எழுதியிருக்கும். அந்த வரிசையின் முன்னால் குழம்பி நிற்பவர்களுக்காக, ஆஸ்திரேலியாவின் வெப்பப் பகுதிகளில் விளையும் சிவப்பு ஒயின் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விலைகள் எல்லாம் ஆஸ்திரேலிய டாலரில், தோராயமாக. கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் மாறும். ஏற்கெனவே ஒயின் குடிப்பவர்களுக்கான பக்கம் இது. குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

வெப்பப் பகுதிகள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்? ஆஸ்திரேலியாவே வெப்ப நாடுதானே?

இல்லை. டாஸ்மேனியா, யாரா பள்ளத்தாக்கு, அடிலெய்டு மலைப்பகுதி இவையெல்லாம் ஒயின் கணக்கில் குளிர்ந்த இடங்கள். வெப்பப் பகுதிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் கடையில் வேலை எளிதாகிவிடும்.

முதலாவது, உள்நாட்டு ஆற்றுப்பாசனப் பகுதிகள். தெற்கு ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆற்றை ஒட்டிய ரிவர்லேண்ட், மில்துராவைச் சுற்றிய மர்ரே டார்லிங், நியூ சவுத் வேல்ஸில் கிரிஃபித் நகரைச் சுற்றிய ரிவரினா. மழை மிகக் குறைவு, வெயில் கடுமை, நிலம் சமதளம். நாட்டின் ஒயின் திராட்சையில் பெரும்பகுதி இந்த மூன்று இடங்களிலிருந்துதான் வருகிறது.

இரண்டாவது, அடிலெய்டைச் சுற்றியுள்ள பழைய ஒயின் ஊர்கள். வடகிழக்கே பரோசா பள்ளத்தாக்கு, தெற்கே கடலோரமாக மெக்லாரன் வேல், தென்கிழக்கே ஏரிக்காற்று வீசும் லாங்ஹார்ன் கிரீக். இவற்றோடு விக்டோரியா மாநிலத்தின் ரதர்கிளென்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பரோசா பள்ளத்தாக்கை ஒட்டியே உயரத்தில் ஈடன் பள்ளத்தாக்கு இருக்கிறது. அது குளிர்ந்த இடம். லேபிளில் 'பரோசா' என்று மட்டும் இருந்தால் இரண்டிலிருந்தும் திராட்சை கலந்திருக்கலாம். 'பரோசா பள்ளத்தாக்கு' என்று முழுதாக எழுதியிருந்தால் கீழ்ப்பகுதித் திராட்சை.

வெயில் கூடினால் ஒயினில் என்ன மாறுகிறது?

திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். வெப்பமான இடத்தில் இந்த இரண்டும் வேகமாக நடக்கும். சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாக மாறுகிறது. அதனால்தான் பரோசா, மெக்லாரன் வேல் சிவப்பு ஒயின்களில் 14 முதல் 15 சதவீத ஆல்கஹால் என்பது சாதாரணம். தோலும் விதையும் நன்றாகப் பழுப்பதால் துவர்ப்பு கடிக்காது, மென்மையாக இருக்கும். மணத்தில் கறுப்பு பிளம், ஜாம், சாக்லேட், அதிமதுரம். அதே ஷிராஸ் குளிர்ந்த இடத்தில் விளைந்தால் மிளகு வாசனையும் கூர்மையான புளிப்பும் மேலெழும்.

புளிப்பு குறைந்த ஒயின் சப்பென்று இருக்கும், சீக்கிரம் கெடவும் செய்யும். ஆகவே வெப்பப் பகுதி ஆலைகள் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். திராட்சையிலேயே இயல்பாக இருக்கும் அமிலம்தான் அது, சட்டம் அனுமதிக்கிறது. ஆல்கஹாலைக் கூட்டுவதற்காகச் சர்க்கரை சேர்க்க ஆஸ்திரேலியாவில் அனுமதி இல்லை. இந்த வெயிலில் அதற்குத் தேவையும் இல்லை. அளவுக்கு மீறி இனித்த சாற்றில், நொதித்தல் பாதியில் நின்றுவிடாமல் இருக்க, வரம்புக்குட்பட்டுத் தண்ணீர் சேர்க்கலாம்.

7, 8 டாலருக்கு எப்படி ஒரு பாட்டில் ஒயின் கொடுக்க முடிகிறது? ஏதாவது கலப்படமா?

கலப்படம் இல்லை. இதற்குப் பின்னால் நூறு ஆண்டுக்கும் மேலான பாசன வரலாறு இருக்கிறது.

கனடாவிலிருந்து வந்து கலிஃபோர்னியாவில் பாசனத் திட்டங்கள் நடத்திய ஜார்ஜ், வில்லியம் சாஃபி சகோதரர்கள் 1887-ல் மர்ரே ஆற்றோரம் ரென்மார்க்கிலும் மில்துராவிலும் குடியேற்றங்களைத் தொடங்கினார்கள். ஆற்று நீரை எந்திரத்தால் மேலேற்றி வறண்ட நிலத்துக்குப் பாய்ச்சினார்கள். ரிவரினாவில் மர்ரம்பிஜி பாசனத் திட்டம் 1912-ல் ஓடத் தொடங்கியது, அதையொட்டியே ஜே.ஜே. மெக்வில்லியம் ஹான்வுட்டில் கொடி நட்டார். பிறகு இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள் கிரிஃபித்தைச் சுற்றி நிலம் வாங்கித் திராட்சைத் தோட்டங்களைப் பெருக்கின. டி போர்ட்டோலி குடும்பம் 1928-ல் தொடங்கியது. 2001-ல் 'யெல்லோ டெயில்' ஒயினை அமெரிக்காவுக்கு அனுப்பி உலகச் சந்தையைக் கலக்கிய கசெல்லா குடும்பமும் இதே வட்டாரம்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். வெயிலும் ஆற்று நீரும் சேர்ந்தால் ஒரு ஹெக்டேரில் 20 டன்னுக்கு மேல் விளையும். பரோசாவில் பாசனமில்லாத பழைய கொடிகளில் 5 டன் கிடைத்தாலே நல்ல விளைச்சல். சமதளமான நிலம் என்பதால் ஓர் எந்திரம் இரவோடிரவாகப் பெரிய தோட்டத்தை அறுத்துவிடும். இரவில் அறுப்பதற்கும் காரணம் உண்டு: பழம் குளிர்ந்த நிலையில் ஆலைக்குப் போய்ச் சேரும்.

அடுத்தது, ஒயினை முதிரவைக்கும் மரப் பீப்பாய். 225 லிட்டர் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று 1,000 டாலருக்கு மேல். அதில் 300 பாட்டில் ஒயின்தான் பிடிக்கும். ஆக, பீப்பாய்ச் செலவே பாட்டிலுக்கு 3 டாலரைத் தாண்டிவிடும். 8 டாலர் ஒயினுக்கு அது கட்டுப்படியாகுமா? எஃகுத் தொட்டியில் ஓக் பலகைகளையோ சில்லுகளையோ ஊறவைத்து அந்த வாசனையைக் கொண்டுவருகிறார்கள். இது சட்டப்படி சரியான, உலகெங்கும் நடக்கிற முறை. பீப்பாயில் ஓராண்டு மெதுவாகக் காற்றுப் பட்டு முதிரும் பக்குவம் மட்டும் அதில் வராது.

வரியும் ஒரு காரணம். பியருக்கும் விஸ்கிக்கும் ஆல்கஹால் அளவை வைத்து வரி. ஒயினுக்கு மட்டும் மொத்த வியாபார விலையில் 29 சதவீதம். விலை குறைந்தால் வரியும் குறையும். அட்டைப்பெட்டிக்குள் பையில் வரும் பெட்டி ஒயின் அவ்வளவு மலிவாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இந்த மலிவால் யாருக்கும் நஷ்டம் இல்லையா?

இருக்கிறது. விவசாயிக்கு.

ஒரு டன் திராட்சையில் சுமார் 700 லிட்டர் ஒயின் கிடைக்கும். 900-க்குச் சற்று மேல் பாட்டில்கள். அண்மைய ஆண்டுகளில் ரிவர்லேண்ட் ஷிராஸுக்கு டன் 200 டாலருக்கும் கீழே விலை பேசப்பட்டது. உங்கள் கையில் இருக்கும் பாட்டிலில் திராட்சையின் பங்கு 20 காசு சொச்சம்தான் என்று அர்த்தம். பாட்டிலும் மூடியும் அட்டைப்பெட்டியும் அதைவிட அதிக விலை. உற்பத்திச் செலவுக்குக் கூடக் காணாது என்று கொடியிலேயே பழத்தை விட்டவர்களும், கொடியையே பிடுங்கியவர்களும் உண்டு. பரோசா ஷிராஸ் டன் ஏறத்தாழ 2,000 டாலருக்குப் போகும்போது உள்நாட்டில் இந்த நிலை.

உலகெங்கும் சிவப்பு ஒயின் குடிப்பது குறைந்துவருகிறது. அதன் மேல் சீனாவின் அடி. 2020 நவம்பரில் தொடங்கி, 2021 மார்ச்சில் 218 சதவீதம் வரை சீனா கூடுதல் வரி போட்டது. மதிப்பில் ஆஸ்திரேலிய ஒயினின் முதல் சந்தை ஒரே இரவில் அடைபட்டதுபோல ஆனது. தொட்டிகள் நிரம்பி வழிந்தன. 2024 மார்ச் இறுதியில் வரி நீங்கியது, ஆனால் மூன்று ஆண்டுத் தேக்கம் அவ்வளவு எளிதில் கரையாது.

இது முதல் தடவையும் இல்லை. 1970-களின் இறுதியிலும் திராட்சை மிஞ்சியது. பரோசாவில் சால்ட்ரம் ஆலையை நடத்திவந்த பீட்டர் லீமனிடம், விவசாயிகளிடம் கொள்முதலை நிறுத்தச் சொன்னார்கள் உரிமையாளர்கள். வாங்கிக்கொள்கிறேன் என்று அந்தக் குடும்பங்களுக்கு வாய்வார்த்தை கொடுத்திருந்தார் அவர். வெளியிலிருந்து முதலீடு திரட்டித் தனி நிறுவனம் தொடங்கி, கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினார். பின்னாளில் அவர் பெயரிலேயே வந்த ஒயின் நிறுவனத்தின் தொடக்கம் இதுதான். 2013-ல் அவர் இறந்தபோது பரோசா அவரைத் தன் காவலராகவே நினைவுகூர்ந்தது.

என்னைக் கேட்டால், முடிந்தவர்கள் 7 டாலருக்குப் பதில் 13, 14 டாலர் கொடுக்கலாம். அந்த ஆறேழு டாலரில் ஒயினின் தரமும் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறுகிறது. 14-லிருந்து 20-க்கு ஏறும்போது கிடைக்கும் வித்தியாசத்தைவிட இது பெரிது.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

ஊர் பெயரை. மற்றதெல்லாம் பிறகு.

ஒரு பகுதியின் பெயரை லேபிளில் போட்டால் குறைந்தது 85 சதவீதத் திராட்சை அங்கே விளைந்திருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியச் சட்டம். திராட்சை வகைக்கும் ஆண்டுக்கும் இதே 85 சதவீத விதி. 'தென்கிழக்கு ஆஸ்திரேலியா' என்று போட்டிருந்தால்? கேட்க ஓர் ஊர் மாதிரி இருக்கும். உண்மையில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுவதும், கூடவே குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியாவின் பகுதிகளும் அதில் அடக்கம். எங்கிருந்து வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் ஒரே ருசி வர வேண்டும் என்று நினைக்கும் பெரிய நிறுவனங்களுக்கு அது வசதி. மோசமான ஒயின் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் ஊரின் குணம் எதையும் தேடாதீர்கள்.

'தெற்கு ஆஸ்திரேலியா' என்று மாநிலப் பெயர் இருந்தால் ஒரு படி மேல். 'லாங்ஹார்ன் கிரீக்', 'மெக்லாரன் வேல்' என்று ஊர்ப் பெயரே இருந்து விலை 20-க்குள் என்றால், அங்கே நின்று பாருங்கள். 'ரிவர்லேண்ட்' என்று தைரியமாகப் போட்டுக்கொள்ளும் சிறு ஆலைகளும் இப்போது வருகின்றன. இத்தனை காலம் பெயரில்லாமல் தொட்டி லாரியில் போன ஊர் அது. அந்தப் பெயரைக் கண்டால் நான் விரும்பி எடுப்பேன்.

பதக்கச் சின்னங்களை ஓரளவுக்கு நம்பலாம், எந்தப் போட்டி, எந்த ஆண்டு ஒயின் என்று பார்த்து. 'ரிசர்வ்', 'வின்ட்னர்ஸ் செலக்‌ஷன்' போன்ற சொற்களுக்குச் சட்டப்படி அங்கே எந்த அர்த்தமும் கிடையாது.

ஷிராஸைத் தவிர வேறு என்ன திராட்சை பார்க்கலாம்?

கிரெனாஷ். தயங்காமல் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஸ்பெயின், தென் பிரான்ஸின் வெயிலில் வளர்ந்து பழகிய திராட்சை இது. வறட்சியைத் தாங்கும். கம்பி கட்டாமல் குட்டைச் செடியாகவே நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆஸ்திரேலியாவில் போர்ட் மாதிரியான, ஆல்கஹால் சேர்த்த இனிப்பு ஒயின்களுக்குத்தான் கிரெனாஷ் அதிகம் போனது. அந்த வகைக்கு மவுசு குறைந்ததும் கிரெனாஷை யாரும் மதிக்கவில்லை. 1980-களின் நடுவில் மிகை விளைச்சலைக் குறைக்க அரசே பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் செய்தபோது தெற்கு ஆஸ்திரேலியாவில் எத்தனையோ பழைய கிரெனாஷ், ஷிராஸ் தோட்டங்கள் போய்விட்டன. இன்று நினைத்தாலும் மனம் கனக்கிற இழப்பு அது. தப்பித்தவைதான் இப்போது பொக்கிஷமாகிவிட்டன.

நிறம் ஷிராஸைவிட வெளிறியிருக்கும். ராஸ்பெரி, காய்ந்த மூலிகை மணம். துவர்ப்பு லேசு. மெக்லாரன் வேல் கிரெனாஷ்களைச் சில ஆலைகள் இப்போது சீக்கிரமே அறுத்து, ஓக் வாசனை ஏற்றாமல், இலகுவாகச் செய்கின்றன. கோடையில் கொஞ்சம் குளிர்வித்துக் குடிக்க இதைவிட நல்ல சிவப்பு ஒயின் அங்கே இல்லை.

கிரெனாஷோடு ஷிராஸும் மடாரோ என்ற இன்னொரு சிவப்புத் திராட்சையும் சேர்ந்தால் ஜி.எஸ்.எம். கலவை; மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். வாசனையைக் கிரெனாஷ் தரும், கனத்தை ஷிராஸ் தரும், துவர்ப்பையும் மண் மணத்தையும் மடாரோ தரும். 15, 18 டாலரில் ஏமாற்றம் மிகக் குறைவாகத் தருவது இந்தக் கலவைதான்.

கறுப்பாக, கனமாக வேண்டுமென்றால் டூரிஃப். பிரான்ஸில் பிறந்து அங்கேயே மறக்கப்பட்ட திராட்சை. 1908-ல் ரதர்கிளென்னுக்கு வந்தது. ரிவரினாவிலும் நன்றாக விளைகிறது. மை போன்ற நிறம், பல்லில் பிடிக்கும் துவர்ப்பு. எல்லோருக்கும் பிடிக்காது.

சிசிலித் தீவின் நீரோ டாவோலா, இத்தாலியின் மொன்டெபுல்சானோ ஆகியவை அண்மைக்கால வரவுகள். வெயிலிலும் புளிப்பை இழக்காதவை என்பதால் ரிவர்லேண்டிலும் மெக்லாரன் வேலிலும் நடுகிறார்கள். தண்ணீர் விலை ஏறிக்கொண்டே போகும் மர்ரே ஆற்றோரத்துக்கு எதிர்காலம் இப்படிப்பட்ட திராட்சைகளில்தான் என்று நினைக்கிறேன்.

காபர்னே சோவிஞான் வெப்பப் பகுதியில் கொஞ்சம் கவனித்து வாங்க வேண்டியது. அதிக வெயிலில் அதன் தனிக்குணம் மங்கிவிடும். லாங்ஹார்ன் கிரீக் அதற்கு விலக்கு. அலெக்ஸாண்ட்ரினா ஏரியிலிருந்து வரும் காற்று பிற்பகல் சூட்டைத் தணித்துவிடுகிறது.

'பழைய கொடி' என்று எழுதியிருந்தால் உண்மையிலேயே பழையதா?

பரோசாவில் அதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 2009-ல் ஏற்றுக்கொண்ட சாசனப்படி 35 ஆண்டு கடந்தால் பழைய கொடி; அதற்கு மேல் 70, 100, 125 ஆண்டு என்று மூன்று படிகள். சட்டமல்ல, ஊர் ஒழுங்கு.

அத்தனை பழைய கொடிகள் அங்கே எப்படித் தப்பின? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. 1870-களில் விக்டோரியாவின் ஜீலாங்கிலும் அது தலைகாட்டியது. தெற்கு ஆஸ்திரேலியா 1899-லேயே தனிச்சட்டம் போட்டுக் கொடிகளும் வெட்டுத்தண்டுகளும் மாநிலத்துக்குள் வருவதைக் கட்டுப்படுத்தியது. இன்றுவரை அந்தப் பூச்சி அந்த மாநிலத்துக்குள் நுழையவில்லை. இப்போதும் தோட்டங்களின் வாசலில் பார்வையாளர்களின் செருப்பைக் கிருமிநீக்கம் செய்யச் சொல்வார்கள். முகம் சுளிக்காமல் செய்யுங்கள். 1840-களில் நட்ட ஷிராஸ் கொடிகள் பரோசாவில் இன்னும் காய்க்கின்றன என்றால் இந்தக் காவல்தான் காரணம்.

நூறாண்டுக் கொடியின் ஒயின் 20 டாலருக்குள் வராது. 35 ஆண்டுக் கொடி வரும், சில சமயம் அதைவிட மூத்ததும் கலவையில் கலந்து வரும்.

சரி, பெயர் சொல்லுங்கள். எதை வாங்கலாம்?

எளிதாகக் கிடைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

மெக்லாரன் வேலில் டாரன்பர்க் ஆலையின் 'ஸ்டம்ப் ஜம்ப்' சிவப்புக் கலவை. 1912 முதல் ஒரே குடும்பம். மலிவு வரிசையிலும் ஆலையின் கைவண்ணம் தெரியும். அதே ஊரில் வீரா வீராவின் 'சர்ச் பிளாக்': காபர்னே, ஷிராஸ், மெர்லோ மூன்றும் சேர்ந்தது, 20 டாலரை ஒட்டி நிற்கும், தள்ளுபடி நாளில் இறங்கும். விருந்துக்குப் போகும்போது எதை எடுத்துப்போவது என்று தெரியவில்லையா? இதை எடுத்துப்போங்கள்.

பரோசாவில் யலும்பாவின் கிரெனாஷ், பீட்டர் லீமன், செயின்ட் ஹாலெட் ஆகியோரின் அடிப்படை ஷிராஸ்கள். யலும்பா 1849-ல் தொடங்கியது, இன்றும் குடும்பத்தின் கையில். அதன் 'ஒய் சீரிஸ்' இன்னும் மலிவு. தினசரிச் சாப்பாட்டுக்கு ஏற்றது.

லாங்ஹார்ன் கிரீக்கில் 1850-லிருந்து இருக்கும் ப்ளீஸ்டேல். அவர்களின் மல்பெக் திராட்சை ஒயினைத் தேடிப் பாருங்கள். இந்த ஊர் திராட்சையை நெடுங்காலமாகப் பெரிய நிறுவனங்களே கலவைக்கு வாங்கிக்கொண்டதால் ஊர் பெயர் வெளியே அதிகம் தெரியாது. அதனாலேயே தரத்துக்கு விலை குறைவு. நல்ல ஒயினும் கொஞ்சம் பணமும் மிச்சமாக வேண்டும் என்றால் நான் முதலில் தேடும் ஊர் இதுதான்.

ரிவரினாவில் டி போர்ட்டோலியின் 'டீன்' வரிசை டூரிஃப். ரிவர்லேண்டில் ஆங்கோவ் குடும்பத்தின் ஒயின்கள்.

பல ஊர்த் திராட்சையைக் கலந்தது என்றாலும் பென்ஃபோல்ட்ஸின் 'கூனங்கா ஹில்' ஷிராஸ் காபர்னேயைச் சொல்லாமல் விட முடியாது. 1976 முதல் வருகிறது. ஒயின் தயாரிப்பாளர் மாக்ஸ் ஷூபர்ட் 1951-ல் 'கிரேஞ்ச்' என்ற புகழ்பெற்ற ஒயினை முதலில் செய்து பார்த்த அதே நிறுவனத்தின் எளிய முகம்.

பெட்டி ஒயினை வாங்கலாமா? கேவலமாக நினைப்பார்களா?

பெட்டிக்குள் பை வைத்து ஒயின் விற்பது வெப்பப் பகுதியிலேயே பிறந்த யோசனை. ரென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஆங்கோவ் 1965-ல் காப்புரிமை பெற்றார். ஒயினை ஊற்ற ஊற்றப் பை சுருங்கும், காற்று உள்ளே போகாது. திறந்த பாட்டில் மூன்று நாளில் மங்கிவிடும். பெட்டி வாரக்கணக்கில் தாங்கும். உள்ளே இருக்கும் ஒயின் நல்லதா என்பது வேறு கேள்வி. 4 லிட்டர் பெட்டிகளைவிட 2 லிட்டர் பெட்டிகளில் தரம் பொதுவாகக் கூடுதல். பெரிய கூட்டத்துக்குச் சமைக்கும் நாளில் கறிக்கும் குவளைக்கும் அதே பெட்டி போதும். பெட்டியை வாங்கி அலமாரியில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். திறக்காவிட்டாலும் பை வழியாக மெல்ல மெல்லக் கொஞ்சம் காற்று உள்ளே கசியும்.

திருகு மூடி போட்டிருந்தால் மட்டமான ஒயினா?

இல்லை. கார்க்கினால் ஒயின் கெடுவதைச் சகிக்க முடியாமல் 2000-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் தயாரிப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள். இன்று ஆஸ்திரேலியாவில் விலை உயர்ந்த ஒயின்கள் பலவற்றுக்கும் திருகு மூடிதான்.

குடித்தால் தொண்டை எரிகிறது. ஒயினின் குறையா?

பெரும்பாலும் சூட்டின் குறை. 'சிவப்பு ஒயினை அறைச்சூட்டில் குடிக்க வேண்டும்' என்று சொன்னவர்கள் 17, 18 டிகிரி அறையில் இருந்தவர்கள். 30 டிகிரி அறையில் 14.5 சதவீத ஒயினை ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி வைத்துவிட்டு எடுங்கள். கிரெனாஷ் என்றால் இன்னும் சற்று நேரம். இந்த ஒரு வேலையைச் செய்தாலே 12 டாலர் ஒயின் 18 டாலர் ஒயின் மாதிரி நடந்துகொள்ளும்.

எந்தச் சாப்பாட்டுக்கு எது?

ஆஸ்திரேலியர்கள் ஷிராஸை ஆட்டுக்குட்டி வறுவலோடும், தோட்டத்தில் கரியடுப்பில் வாட்டிய இறைச்சியோடும் குடிப்பார்கள். கருகிய ஓரமும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கிவிடும்.

நம் சமையலில் சிக்கல் மிளகாய். காரம் ஏறினால் ஆல்கஹால் இன்னும் எரியும், துவர்ப்பு இன்னும் கசக்கும். ஆகவே காரக் குழம்புக்கு 15 சதவீத ஷிராஸ் வேண்டாம். குளிர்வித்த கிரெனாஷ் சரியாக வரும். மிளகு மட்டும் போட்ட மட்டன் சுக்காவுக்கு ஷிராஸ் அருமை. கத்தரிக்காய் சுட்டது, காளான் வறுவல் இவற்றுக்கு ஜி.எஸ்.எம். புளிக்குழம்போடு எந்தச் சிவப்பு ஒயினும் ஒத்துப்போகாது என்பது என் தீர்மானம்.

வாங்கி வைத்தால் நாளாக நாளாக நன்றாகுமா?

10 டாலர் ஒயின் ஆகாது. ஓரிரு ஆண்டில் குடித்துவிடுங்கள். 20 டாலரை ஒட்டிய மெக்லாரன் வேல், பரோசா ஒயின் ஐந்து ஆண்டு தாங்கும், இருட்டும் குளிர்ச்சியும் இருந்தால். சமையலறை மேல் அலமாரி அதற்கு இடமில்லை.

'பிரிசர்வேட்டிவ் 220' என்று எழுதியிருக்கிறதே, பயப்பட வேண்டுமா?

கந்தக டை ஆக்சைடு. ஒயின் கெடாமல் இருக்க உலகெங்கும் சேர்ப்பது. காய்ந்த பழங்களிலும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மறுநாள் தலைவலிக்கு முதல் காரணம் அதுவாக இருப்பதைவிட, குடித்த அளவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அளவு என்று ஏதாவது உண்டா?

ஆஸ்திரேலியாவில் 10 கிராம் ஆல்கஹால் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்'. 14.5 சதவீத ஒயின் பாட்டில் ஒன்றில் அது எட்டரை வரும். லேபிளின் பின்னால் அச்சிட்டிருப்பார்கள். வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், ஒரே நாளில் நான்கைத் தாண்ட வேண்டாம் என்பது 2020-ல் வந்த அந்நாட்டு மருத்துவ வழிகாட்டல். ஒரு பாட்டிலை ஒருவரே முடித்தால் வாரக் கணக்கு ஏறக்குறைய முடிந்தது. வெப்பப் பகுதி ஒயினில் இதை மறப்பது சுலபம், ஏனென்றால் மென்மையாக இறங்கும். கர்ப்பிணிகள் அறவே கூடாது. வண்டி ஓட்டப்போகிறவர்களும் தொட வேண்டாம்.

இந்தியாவில் இவை மலிவாகக் கிடைக்குமா?

ஆஸ்திரேலிய விலையில் கிடைக்காது. 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்த இந்திய ஆஸ்திரேலிய வணிக உடன்பாடு 150 சதவீத இறக்குமதி வரியைக் குறைத்தது. இறக்குமதி விலை 5 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு முதலில் 100 சதவீதம், பத்து ஆண்டில் படிப்படியாக 50. 15 டாலருக்கு மேற்பட்டதற்கு முதலில் 75, பிறகு 25. ஐந்து டாலருக்குக் கீழே இருப்பவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. இந்தப் பக்கத்தில் பேசும் மலிவு ஒயின்களில் பல அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. அப்புறம் மாநில வரி. தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம் இருப்பதால் வகைகளும் குறைவு. கிடைத்தால் 'தென்கிழக்கு ஆஸ்திரேலியா' பாட்டிலுக்கு அந்த விலையைக் கொடுக்காதீர்கள். ஊர் பெயர் உள்ள, சற்று மேலான ஒயினுக்கே வரிச்சலுகையின் பலன் இருக்கிறது.

ஷிராஸ் மட்டுமே குடித்துப் பழகியவன் நான். அடுத்து எப்படிப் போவது?

மூன்று பாட்டில் வாங்குங்கள்: 'தென்கிழக்கு ஆஸ்திரேலியா' ஷிராஸ் ஒன்று, லாங்ஹார்ன் கிரீக் ஷிராஸ் ஒன்று, மெக்லாரன் வேல் கிரெனாஷ் ஒன்று. நண்பர்கள் நாலைந்து பேர் வரும் நாளில் மூன்றையும் ஒன்றாகத் திறந்து, லேபிளைத் தாளால் மூடி, ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். 45, 50 டாலருக்குள் முடிந்துவிடும். முதல் இரண்டில் ஊர் என்ன செய்கிறது என்று தெரியும், பின் இரண்டில் திராட்சை என்ன செய்கிறது என்று தெரியும். பிடித்ததை வைத்து அடுத்த மாதம் அதே ஊரின் வேறொரு ஆலைக்கோ, அதே திராட்சையின் வேறோர் ஊருக்கோ போகலாம்.